ஒரு தறிக்கு இரண்டு பேர்

9

அந்த வீட்டில் "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும்.

தணிகாசலத்துக்கு மில்லில் நிரந்தர வேலை. நெசவுக் கொட்டடியில் நாற்பத்தேழாம் நம்பர் தறி, பதினெட்டு வருஷமாக. அவருடைய தம்பி கலியபெருமாள் அதே மில்லில் பதிலி. நிரந்தர ஆள் ஒருவன் வராத அன்றைக்கு அவனுடைய தறியில் நிற்பவன்தான் பதிலி. ஆக, அண்ணன் படுத்தால் தம்பிக்கு வேலை. அண்ணன் எழுந்து நடந்தால் தம்பி மில் வாசலோடு திரும்பி வர வேண்டியதுதான். முதலியார்பேட்டையில் ஒரே கூரை, ஒரே அடுப்பு, இரண்டு பெண்டாட்டிகள். இந்த லட்சணத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம் உடம்பைப் பற்றி எப்படி விசாரிப்பாள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். மில் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஜனவரி முதல் மே முடிய இருபது ஷிப்டுகூட வராத பதிலிகளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். கலியபெருமாளுக்குப் பத்தொன்பது ஷிப்டு ஆகியிருந்தது. மே மாதத்தில் மிச்சம் இருந்தது ஒரு சனிக்கிழமை.

தணிகாசலத்துக்கோ மூன்று நாளாகக் காய்ச்சல். மூன்று நாளும் காய்ச்சலோடு வேலைக்குப் போய் வந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் படுத்துக்கண்ணா" என்று கலியபெருமாள் கேட்டான். 

"இந்த வருஷம் பதினோரு நாள் படுத்துட்டேன். பன்னண்டாவது நாள் படுத்தா என் பேரும் வீட்டுக்கு அனுப்பற பட்டியல்ல ஏறும். உன் பேரைக் காப்பாத்த என் பேரைக் கிழிக்கச் சொல்றியா?" என்றார் தணிகாசலம்.

 கலியபெருமாள் சாப்பிடாமல் படுத்தான்.

சனிக்கிழமை விடிந்தது.

ஐந்தரை மணிக்கு முதல் சங்கு ஊதியபோது கலியபெருமாள் வீட்டில் இல்லை. எப்போதோ எழுந்து மில் வாசலுக்குப் போயிருந்தான். பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளைகள் எல்லாரும் திருபுவனைக்குப் போயிருந்ததால் வீடு வெறிச்சென்று இருந்தது. கலியபெருமாளின் மனைவி அஞ்சலாட்சி அடுப்பை மூட்டி உலை வைத்தாள். அவளுடைய ஓரகத்தி செல்வாம்பாள் வெந்நீர் எடுக்கச் சமையல்கட்டுக்கு வந்தாள்.

"கஞ்சி வெச்சிடட்டுமாக்கா?"

"எதுக்கு? படுத்திருக்கப் போறார்னு நெனச்சிக்கினியா? சோறு வடிச்சுத் தூக்குல போடு."

"ராத்திரி முனகிக்கினு இருந்தாரே."

"சுவத்துல காதை வெச்சிக்கினுதான் படுக்கறியா நீ?"

அஞ்சலாட்சி வாயை மூடிக்கொண்டாள். செல்வாம்பாள் மூடவில்லை.

"உடம்பு நெருப்பாத்தான் கொதிக்குது. எனக்குத் தெரியாதா? ஆனா போவாரு. என் தோள்ல சாச்சிக்கினு போயாவது வாசல்ல விட்டுட்டு வருவேன். உன் புருஷனுக்கு இருபது ரொம்பணும்னா வேற எவன் வீட்லயாவது எழவு விழட்டும். என் வீட்ல விழாது."

"நான் அப்படி நெனக்கலக்கா."

"பத்து வருஷமா ஒரு ஆளு சம்பாத்தியத்துல ரெண்டு குடும்பம் கை நனைக்குது. அந்த ஆளு மேலயும் கண்ணு வெச்சா எப்படி?"

உலை கொதித்தது. அஞ்சலாட்சி அரிசியைக் களைந்து போட்டாள். 'பத்து வருஷம்' என்று செல்வாம்பாள் சொன்னது பொய். அஞ்சலாட்சி கல்யாணமாகி வந்தே ஒன்பது வருஷம்தான் ஆகிறது. அதில் முதல் ஐந்து வருஷம் கலியபெருமாள் கைநிறையச் சம்பாதித்தான். ராத்திரி ஷிப்டு ஓடிய காலம் அது. பிரெஞ்சுக்காரன் கப்பலில் துணி ஏற்றிக்கொண்டிருந்தவரைக்கும் மில்லுக்குள் ஆள் போதாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலாவது வருஷம் நடக்கிறது. துணி வாங்க ஆளில்லை என்று ராத்திரி ஷிப்டை நிறுத்தினார்கள். ராத்திரி ஆட்கள் எல்லாரும் ஒரே நாளில் பதிலிகள் ஆனார்கள்.

அவன் சும்மா இருக்கவில்லை. கடற்கரைப் பாலத்தில் மூட்டை தூக்கப் போனான். கப்பல் வருவதே அபூர்வமாகிவிட்டது, இருக்கிற கூலிகளே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். லாஸ்பேட்டைப் பக்கம் சாலைக்கு மண் வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று விடியற்காலையில் நடந்தான். ஐம்பது பேருக்கு வேலை, வரிசையில் நானூறு பேர். புது கவர்மெண்டு ஆபீசில் பியூன் வேலைக்கு, சின்ன வயதில் வாங்கிய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துச் சர்த்திபிக்கா என்ற சான்றிதழை எடுத்துக்கொண்டு போனான். அங்கே இருந்த அதிகாரி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை யாருய்யா படிக்கறது? இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டார்.

ஆக மிஞ்சியது பதிலிப் பட்டியலில் இருந்த அந்தப் பெயர் ஒன்றுதான். அந்தப் பெயர் இருந்தால்தான் மில் என்றைக்காவது நிமிரும்போது கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் வாசலில் நிற்கவே விடமாட்டார்கள்.

உள்ளே தணிகாசலம் எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு இருமல். பிறகு, "என் சட்டை எங்க?" என்ற குரல்.

அஞ்சலாட்சி சோற்றை வடித்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"வரட்டி தீந்துபோச்சுக்கா. வாங்கிக்கினு வந்துடறேன்."

செல்வாம்பாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தெருமுனை வரைக்கும் அஞ்சலாட்சி மெதுவாகத்தான் நடந்தாள். முனை திரும்பியதும் ஓடினாள்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆள் வேலைக்கு வரமுடியாவிட்டால் அவன் வீட்டுப் பெண் ஒருத்தி வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆண்பிள்ளை வந்து சொன்னால் எடுபடாது. பதிலிகள் ஆளுக்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டு, "அவன் வரமாட்டான், இவன் வரமாட்டான்" என்று புளுகித் தறி பிடித்த காலம் ஒன்று இருந்தது. அதிலிருந்து வீட்டுப் பெண்தான் வர வேண்டும், வந்து நோட்டுப் புத்தகத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்க வேண்டும் என்று ஆயிற்று. பெண்கள் பொய் சொல்லமாட்டார்கள் என்று யாரோ ஒரு துரை நினைத்திருக்க வேண்டும்.

வாசலுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் அறுபது எழுபது பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் பதிலிகள். யாரும் யாரோடும் பேசவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகிற நிரந்தர ஆட்கள் அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போகிறவர்களின் முகத்தையும் நடையையும் எழுபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் நொண்டுகிறான், யார் சோர்ந்து வருகிறான் என்று. கலியபெருமாள் மரத்தில் சாய்ந்து நின்றான். அஞ்சலாட்சியைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

அவள் நேராக மில் வாசல் ஜன்னலுக்குப் போனாள்.

ஜன்னலுக்குள் குமாஸ்தா காசிலிங்கம் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் அவரை, பிரெஞ்சுக்காரன் ஐயாவுக்குச் சொல்கிற மாதிரி, முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். இங்கிலீஷில் எழுதச் சொல்லிப் புது மேனேஜர் மூன்று வருஷமாகக் கத்துகிறார். காசிலிங்கம் இன்னமும் பிரெஞ்சில்தான் எழுதுகிறார்.

"யார் வீடு?"

"தணிகாசலம் வீடுங்க. நெசவு. நாப்பத்தேழு."

"சம்சாரமா?"

"தம்பி சம்சாரம்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு மரத்தடியைப் பார்த்தார்.

"தம்பி அதோ நிக்கறான் இல்ல?"

"ஆமாங்க."

"நல்ல சௌகரியம். என்னா உடம்பு அவனுக்கு?"

"காய்ச்சல்."

காசிலிங்கம் பேனாவை மூடினார். "காய்ச்சல்தானே. நேத்தும் காய்ச்சலோடதான் வந்தான். ஏழு மணிச் சங்கு வரைக்கும் பாக்கலாம். போய் அப்படி நில்லு."

"இல்லீங்க முசியே. எழுந்திருக்க முடியல."

"எழுந்திருக்க முடியாத காய்ச்சலா? இருமல் உண்டா?"

"உண்டு."

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா." இது உண்மை. நெசவுக் கொட்டடியில் இருமாதவன் யார்?

காசிலிங்கம் பேனாவை மறுபடி திறந்தார்.

"சளியில ரத்தம் வருதா?"

அஞ்சலாட்சி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். தணிகாசலம் இன்னும் வரவில்லை. சட்டை போட்டிருப்பார். செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். வெறும் காய்ச்சல் என்றால் இந்த மனிதர் ஏழு மணி வரைக்கும் காத்திருப்பார். காத்திருந்தால் தணிகாசலம் வந்துவிடுவார். பன்னிரண்டாவது நாள் பட்டியலில் ஏறினாலும் நிரந்தர ஆளுக்குப் பேச யூனியன் இருக்கிறது. பதிலிக்கு யார் பேசுவார்கள்?

"வருது" என்றாள்.

"நீ பாத்தியா?"

"துண்டைத் துவைக்கறது நான்தானே."

ரத்தப் பொய்க்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. துண்டுப் பொய் தானாக வந்தது.

காசிலிங்கம் நாலு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியாது. புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். மூன்றாம் வகுப்போடு நின்றவள், தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தாள்.

"நாப்பத்தேழு. பதிலி கலியபெருமாள்" என்று அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

கலியபெருமாள் ஓடி வந்தான். வாசலுக்குள் நுழையும்போது ஒரு நொடி அவளருகில் நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது.

"அண்ணன் மனசு எறங்கிட்டாரா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

அவன் போன பிறகும் அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ரோட்டைத் தாண்டி ஆப்பக்காரி சின்னப்பொண்ணுவின் தட்டிப் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றாள். சின்னப்பொண்ணுவின் கடையில் ஆப்பம் அடுக்கியபடியே இருந்தது. வாங்குகிறவர்கள் இல்லை.

"உன் ஆளு உள்ள போயிட்டாரு போல" என்றாள் சின்னப்பொண்ணு. "போனா சரி. என் ஆளு மூணு வருஷமா சும்மாதான் ஊரைச் சுத்தறான். வெள்ளைக்காரன் இருந்தப்ப இடுப்புல ரெண்டு கஜம் பட்டுத்துணியைச் சுத்திக்கினு எல்லைச் சாவடியைத் தாண்டினா ஒரு வாரச் சோறு. இப்ப எல்லையும் இல்ல, சாவடியும் இல்ல. திருட்டு வேலைகூட இல்லாத ஊரா பூடுச்சு."

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. தெருக்கோடியில் இரண்டு உருவங்கள் வந்துகொண்டிருந்தன.

தணிகாசலம் தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். ஒரு கையால் மில் மதிலைப் பிடித்துப் பிடித்து நடந்தார். செல்வாம்பாள் சாப்பாட்டுத் தூக்கை ஒரு கையிலும் அவர் முழங்கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலை நெருங்கியதும் அவர் அவளுடைய கையை உதறினார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நடக்கப் பார்த்தார். மரத்தடியில் நின்றவர்கள் அந்த நடையை மேலிருந்து கீழ்வரை அளந்தார்கள்.

காசிலிங்கம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"நீ உள்ள போவக்கூடாது தணிகாசலம்."

"ஏன்? சங்கு இன்னும் ஊதலியே."

"உன் வீட்டுப் பொம்பளை வந்து எழுதி வெச்சிட்டுப் போயிடுச்சு. சளியில ரத்தம்னு. துண்டைத் துவைக்கறதே நான்தான்னு சொல்லிச்சு. டாக்டர் பாத்துச் சீட்டுக் குடுக்காம உன்னைத் தறிகிட்ட விட முடியாது. திங்கக்கிழமை வா."

தணிகாசலம் மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார்.

"நீயா?"

செல்வாம்பாள் தூக்கைக் கீழே வைத்தாள். "நான் உங்ககூடத்தானே வந்தேன். நான் எப்ப…" என்றவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். "யாரு சாமி எழுதினது? பேரைப் படிங்க."

காசிலிங்கம் புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். "அஞ்சலாட்சி."

ரோட்டுக்கு இந்தப் பக்கம் அது தெளிவாகக் கேட்டது. சின்னப்பொண்ணு ஆப்பச் சட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"அது பொய்யி முசியே" என்றார் தணிகாசலம். "காய்ச்சல் உண்டு. ரத்தம் கெடையாது."

"உண்டோ இல்லியோ டாக்டர் சொல்லட்டும்."

"டாக்டர் என்னா சொல்லுவாருன்னு உனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமாப் பஞ்சைத் தின்ன நெஞ்சு. கொழாயை வெச்சாலே கொரகொரன்னு கேக்கும். ஆவணிக்குள்ள அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பணும்னு சாக்குத் தேடிக்கினு இருக்கீங்க. நானே வந்து கழுத்தை நீட்டட்டுமா?"

காசிலிங்கத்தின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பழைய பழக்கம். பதினெட்டு வருஷம் தினமும் பார்த்த முகம்.

"எழுதினது எழுதினதுதான்" என்றார் சற்று இறங்கிய குரலில். "ஒரு வழி இருக்கு. கையெழுத்துப் போட்டவ திங்கக்கிழமை வந்து, டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னால, சொன்னது பொய்யின்னு சொன்னா எழுதினதையும் இன்னைக்கு லீவையும் அடிச்சுடறேன். ஆனா பொய் சொல்லிப் புடிச்ச ஷிப்டு செல்லாது. உன் தம்பி பேரையும் சேத்து அடிக்கணும்."

ஏழு மணிச் சங்கு ஊதியது. இரும்புக் கதவைச் சாத்தினார்கள். மரத்தடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

தணிகாசலம் அப்படியே மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். செல்வாம்பாள் ரோட்டைத் தாண்டி வந்தாள். கத்துவாள், மயிரைப் பிடிப்பாள் என்று அஞ்சலாட்சி எதிர்பார்த்தாள். செல்வாம்பாள் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"வரட்டி வாங்கிட்டியா?" என்று கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போய்ப் புருஷனைத் தூக்கி நிறுத்தினாள்.

அஞ்சலாட்சி வீடு திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. அவளுடைய இரண்டு பானை, ஒரு குடம், தகரப் பெட்டி, பாய் எல்லாம் கிணற்றடியில் கிடந்தன. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தது. காலையில் அவள் வடித்த சோறு, பானையோடு, தெருநாய்க்குப் போயிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். செல்வாம்பாள் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வெறும் காய்ச்சல்காரனை ரத்தம் கக்கறவனா ஆக்கிட்டா. துண்டைத் துவைக்கறேன்னு சொன்னாளாம். ஒன்பது வருஷத்துல என்னைக்காவது துவைச்சிருக்காளா, கேளுங்க அவளை. நான் துவைக்கறேன் அவர் துண்டை. நான்."

அஞ்சலாட்சி கிணற்றடியிலேயே உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். ஒரு நாள். இந்த மனிதர் ஒரே ஒரு நாள் படுத்திருந்தால் என்ன? மேலே மேலே யோசித்துப் பார்த்தாள். அவர் இடத்தில் தான் இருந்தாலும் படுத்திருக்கமாட்டோம் என்று தோன்றியது. அது அவள் கோபத்தை இன்னும் கூட்டியது. மில்லின் மேல் கோபப்பட்டால் மில்லுக்கு என்ன தெரியப்போகிறது? கோபம் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இரண்டு பேர்தான்.

பகல் முழுதும் தணிகாசலம் கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இருமல் வந்தால் வாயைத் துணியால் பொத்திக்கொண்டார். அப்போதெல்லாம் செல்வாம்பாள் வாசற்படியில் வந்து நின்று அஞ்சலாட்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு ஷிப்டு முடிந்து கலியபெருமாள் வந்தான். தலையிலும் மீசையிலும் பஞ்சு. அக்குளில் காகிதம் சுற்றிய நீளமான ரொட்டி. காய்ச்சல்காரருக்கென்று ரொட்டி சுடுகிற கிடங்கில் புதிதாக வாங்கி வந்திருந்தான். கிணற்றடியில் கிடந்த பானைகளை அவன் கண் பார்த்தது, ஆனால் அவன் மனம் பார்க்கவில்லை. நேராக அண்ணன் காலடியில் போய் உட்கார்ந்தான்.

"சூடா இருக்குண்ணா. பால்ல நனைச்சு சாப்பிடு." காகிதத்தைப் பிரித்தான். "இருபது எழுதிட்டாங்க. ரொம்பினவனுக்கு ஜூன்லேர்ந்து வாரத்துக்கு நாலு நாள் ஷிப்டு உண்டுன்னு மேஸ்திரி சொன்னாரு. நீ செஞ்சதை நான் உசிரு இருக்கற வரைக்கும் மறக்கமாட்டேன்."

தணிகாசலம் திரும்பிப் படுத்துத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். 

"நல்லாக் கும்பிடு" என்றாள் செல்வாம்பாள். "ஆனா சாமி இங்க இல்ல. கெணத்தடியில குந்திக்கினு இருக்கு. வாடி உள்ள. யாரு செஞ்சதுன்னு உன் புருஷன்கிட்ட நீயே சொல்லு."

அஞ்சலாட்சி வந்து நிலைப்படியில் நின்றாள். சொன்னாள். எதையும் குறைக்காமல் சொன்னாள். ரத்தத்தைச் சொல்லும்போது கலியபெருமாள் எழுந்துவிட்டான்.

"அடிப்பாவி. எங்க அண்ணனுக்கா? எனக்காகவா சொன்ன அதை? நான் கேட்டேனா உன்னை?"

கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அவள் நகரவில்லை.

"அடிக்காத" என்றார் தணிகாசலம். "அடிச்சா அழுவா. அழுதா எல்லாம் தீந்துபோன மாதிரி ஆயிடும். உக்காரு."

அவன் உட்கார்ந்தான். தணிகாசலம் சுவரைப் பிடித்து எழுந்து சாய்ந்துகொண்டார். பிறகு அந்தக் குடும்பத்தில் நடக்காத ஒன்று நடந்தது. மூத்தாரும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசுவது அவர்களில் வழக்கமில்லை. எது கேட்பதானாலும் செல்வாம்பாளிடம் சொல்வார், செல்வாம்பாள் அவளிடம் சொல்வாள். ஒன்பது வருஷத்தில் அவருடைய கண் அவள் முகத்தில் பட்டதில்லை. இப்போது பட்டது.

"முசியே சொன்னதை நீயும் கேட்டிருப்ப" என்றார் அவளைப் பார்த்து. "டாக்டர் பாத்தா என் வேலை போவும். நீ வந்து சொன்னா அவன் பேரு போவும். என் தறி ஓடினா ரெண்டு குடும்பமும் அரைவயிறாவது சாப்பிடும். இதுவரைக்கும் அப்படித்தானே சாப்பிட்டோம். திங்கக்கிழமை வந்து சொல்றியாம்மா?"

'ம்மா' என்ற அந்த வார்த்தை அவளை எங்கோ தைத்தது.   அவள் புருஷனைப் பார்த்தாள்.

"நீ சொல்லுடா கலியா அவளுக்கு" என்றார் தணிகாசலம்.

அடிக்க வந்தபோது கலியபெருமாளின் கண் சிவந்திருந்தது. இப்போது அந்தச் சிவப்பு இறங்கியிருந்தது. அவன் வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தான். ஒரு வார்த்தை போதும். 'போய்ச் சொல்லுடி' என்றால் அவள் மறுக்கப்போவதில்லை. அது அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

"திங்கக்கிழமைதானேண்ணா" என்றான் கடைசியில், தலை நிமிராமல். "அதுக்குள்ள பாத்துக்கலாம்."

செல்வாம்பாள் சிரித்தாள். சத்தம் வராத சிரிப்பு.

"கேட்டீங்களா உங்க தம்பியை?"

"கேட்டேன்" என்றார் தணிகாசலம்.

அஞ்சலாட்சிக்கும் கேட்டது. வாரத்துக்கு நாலு நாள் என்று அவன் சற்றுமுன் சொன்ன குரலும் அதற்குள் கேட்டது. சொன்ன பொய்யும் அவளுடையது, போட்ட கையெழுத்தும் அவளுடையது. இனி அதைக் கட்டிக் காப்பதும் அவள் பாடுதான். அவனுக்கு அந்த நாலு நாளும் வேண்டும். அதைக் கேட்கிற வாய் மட்டும் தன்னுடையதாக இருக்கக்கூடாது.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மூத்தாரின் முகத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவரிடம் பேசினாள்.

"நான் வரமாட்டேன் மாமா."

"சரி" என்றார் தணிகாசலம். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

கலியபெருமாள் கால் கழுவக் கிணற்றடிக்குப் போனான். பானைகளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, தாண்டிப் போனான். திங்கட்கிழமைக்கு நடுவே ஒரு ஞாயிறு இருந்தது. அன்றைக்கு மில் லீவு, நாலு பேரும் நாள் முழுதும் இந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.